45 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்! நம் சைக்கிள் பாகங்களின் கதை



நம் பேஸ்மெண்டில் கார்களுக்கு நடுவே, வளைந்த ஹேண்டில்பார் வைத்த சைக்கிள்கள் இப்போது நிறையவே கண்ணில் படுகின்றன. மெல்லிய டயருடன் நிற்பது ரோடு பைக். ஏறக்குறைய அதே உருவத்தில், கொஞ்சம் பருத்த டயருடன் நிற்பது கிராவல் பைக். தார் ரோட்டிலும் ஓடும், சரளை மண்ணிலும் ஓடும். கூடவே வாட்ஸ்அப் குழுவில் கேள்விகளும் பெருகிவிட்டன. எந்த டயர் நல்லது? எத்தனை கியர் வேண்டும்? டிஸ்க் பிரேக் அவசியமா? பதிலாக வருவதெல்லாம் மாடல் பெயர்களும் தள்ளுபடி லிங்க்குகளும்தான்.

இந்தக் கட்டுரையில் மாடல் பெயர் எதுவும் கிடையாது. சைக்கிளில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருவர் பட்ட தொல்லைக்கு மருந்தாகப் பிறந்தது. அந்தத் தொல்லை உங்களுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் பணம் மிச்சம். ஐம்பதாயிரம், லட்சம் என்று கொடுத்து வாங்கிய சைக்கிள் ஆறே மாதத்தில் பால்கனியில் துணி காயப்போடும் கொடியாக மாறுவதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமல்ல. பந்தய வீரருக்குச் செய்த பாகங்களை நம் முழங்காலுக்கும் முதுகுக்கும் மாட்டிவிட்டதுதான் காரணம்.

முதலில் கியர். ஏனென்றால் இதில்தான் சண்டையே நடந்தது.

பிரான்சில் செய்ந்த் எத்தியேன் என்ற ஊரில் பால் த விவி என்று ஒரு பட்டு வியாபாரி இருந்தார். சைக்கிள் பைத்தியம் முற்றி, பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைத்தார், சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்தினார். எழுதும்போது அவருடைய புனைபெயர் வெலோசியோ. சைவ உணவுக்காரர். ஊரைச் சுற்றி மலைகள். ஒரே பல்சக்கரம் வைத்த சைக்கிளில் அந்த மலைகளை ஏறிப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் புரிந்தது: மனிதனின் கால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போதுதான் சுகமாக வேலை செய்கிறது. சமவெளியில் ஒரு பல்லும் ஏற்றத்தில் வேறு பல்லும் இருந்தால், பாதை எப்படி மாறினாலும் கால் தன் தாளத்தை விடாது. வெவ்வேறு அளவுப் பல்சக்கரங்களையும், ஓடும்போதே செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டெரெய்லர் என்ற கருவியையும் அவர் வாழ்நாள் முழுக்கப் பரிசோதித்தார், பரப்பினார்.

எதிர்ப்பக்கம் நின்றவர் ஆன்றி தெக்ராஞ்ச். 1893-ல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தவர். பிறகு பத்திரிகை ஆசிரியர். 1903-ல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர். அதற்கு முந்தைய ஆண்டு, 1902-ல், பிரான்சின் சுற்றுலா சைக்கிள் சங்கம் ஒரு மலைப் பரிசோதனை நடத்தியது. மார்த் எஸ் என்ற பெண்மணி மூன்று கியர் சைக்கிளில் பாதை முழுவதையும் காலைத் தரையில் ஊன்றாமலே கடந்தார். தெக்ராஞ்ச் அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்: மாற்றும் கியர் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான் உரியது, கருவியால் ஜெயிப்பதைவிடத் தசை பலத்தால் ஜெயிப்பதல்லவா அழகு, நாம் மென்மையாகிக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில். தலைப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அவர் எழுதியதோடு நிற்கவில்லை, பந்தயத்தின் விதிகளும் அவர் கையில் இருந்தன. டூர் தெ பிரான்ஸில் டெரெய்லருக்கு அனுமதி கிடைத்தது 1937-ல்தான், அதுவும் அவர் உடல்நலம் குன்றி விலகிய பிறகு. அதுவரை வீரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பின் சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி ஏறுவார்கள். உச்சியில் மறுபடியும் அதே வேலை. டெரெய்லர் அனுமதிக்கப்பட்ட 1937-லேயே அதை வைத்து ரோஜே லப்பேபி பந்தயத்தை வென்றார். அதே காலத்தில் சாதாரண சுற்றுலா சைக்கிள்காரர்கள் பல ஆண்டுகளாகவே கியர் மாற்றிக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. வெலோசியோ அந்த 1937-ஐப் பார்க்கவில்லை. 1930-ல், 76 வயதில், சைக்கிளோடு சாலையில் இருந்தபோது டிராம் மோதி இறந்தார்.

சக்கரம் கழற்றும் அந்தத் தொல்லையிலிருந்து இன்னொரு பாகமும் பிறந்தது. இத்தாலிய வீரர் துல்லியோ கம்பன்யோலோ 1927-ல் ஒரு பனிமலைப் பந்தயத்தில் விரல்கள் விறைத்துப்போய், இறுகிய நட்டைத் திருக முடியாமல் தவித்தாராம். இது அவருடைய நிறுவனமே சொல்லிவரும் கதை. வரலாற்றாசிரியர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். கதை எப்படியோ, ஒரு நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கழன்றுவரும் ‘குயிக் ரிலீஸ்’ அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. 1933-ல் அவர் தொடங்கிய பட்டறை பிற்பாடு பந்தய சைக்கிள் உலகின் பெரிய பெயர்களில் ஒன்றானது. இன்று நீங்கள் லிஃப்டில் ஏற்றுவதற்காக முன்சக்கரத்தைக் கழற்றும்போது உதவுவது அந்த நெம்புகோல்தான், அல்லது டிஸ்க் பிரேக் சைக்கிளில் அதன் வாரிசான ‘த்ரூ ஆக்சில்’.

பிறகு கதை ஜப்பானுக்குப் போகிறது. ஒசாகாவை அடுத்த சகாய் நகரம் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பெயர்போன உலோகத் தொழில் ஊர். அங்கே 1921-ல் தொடங்கிய ஷிமானோ முதலில் செய்த பொருள் ஃப்ரீவீல். பெடல் சுற்றாமலும் சக்கரம் உருள வைத்து ‘டிக் டிக்’ என்று சத்தமிடுமே, அதுதான். அந்நாட்டின் இன்னொரு நிறுவனமான சன்டூர் 1964-ல் ஒரு நுட்பம் கொண்டுவந்தது. பின் பல்சக்கரங்கள் சிறிதிலிருந்து பெரிதுவரை சரிவாக அடுக்கப்பட்டிருக்கும் அல்லவா? டெரெய்லரும் அதே சரிவில் சாய்ந்து நகர்ந்தால் எந்தப் பல்லிலும் இடைவெளி மாறாது, கியர் சுலபமாக விழும். யோசனை என்னவோ எளியது, ஆனால் காப்புரிமை இருந்ததால் மற்றவர்கள் 20 ஆண்டுகள் தொட முடியவில்லை. 1984-ல் அந்த உரிமை முடிந்தது. அதே ஆண்டு ஷிமானோ அந்தச் சரிவையும் தன்னுடைய ‘கிளிக்’ ஷிஃப்டரையும் சேர்த்துச் சந்தையில் இறக்கியது. அதுவரை லீவரைக் காதால் கேட்டு, கையால் உணர்ந்து நகர்த்த வேண்டும். இனி ஒரு கிளிக்குக்கு ஒரு கியர். 1990-ல் கியரும் பிரேக்கும் ஒரே லீவருக்குள் வந்தன.

இந்தக் கடைசி விஷயம் உங்களுக்கு முக்கியம். 1990-க்கு முன் பெரும்பாலான பந்தய சைக்கிள்களில் கியர் லீவர் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்கும், மாற்ற ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தாக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய ரோடு பைக் வாங்க நினைப்பவர்கள் நம் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒற்றைக் கையால் ஓட்டுவதைக் கற்பனை செய்து பார்க்கவும். கிளிக் ஷிஃப்டருக்கும் ஒருங்கிணைந்த லீவருக்கும் கொடுக்கும் பணம் வீண் அல்ல. பேட்டரியில் இயங்கும் மின்னணு கியர் அருமையாக வேலை செய்யும்தான். ஆனால் ‘போனை சார்ஜ் போட மறந்துட்டேன்’ என்று சொல்பவர்கள் சைக்கிளையும் சார்ஜ் போட வேண்டுமா என்பது என் தாழ்மையான கேள்வி.

கடையில் கேட்க வேண்டியது எத்தனை கியர் என்பதை அல்ல, மிக லேசான கியர் எவ்வளவு லேசு என்பதைத்தான். முன் பல்லின் எண்ணிக்கையைப் பின் பல்லின் எண்ணிக்கையால் வகுங்கள். பந்தய பாணி ரோடு பைக்கில் முன்னால் சிறியது 34, பின்னால் பெரியது 28 என்றால் 1.21. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒன்றேகால் சுற்று போகும். ஷிமானோ 2019-ல் கிராவலுக்கென்றே கொண்டுவந்த பாகங்களில் முன்னால் 30, பின்னால் 34 வைத்தால் 0.88. முன்னால் ஒரே ஒரு 40 பல், பின்னால் 42 வரை என்ற அமைப்பில் 0.95. ஃப்ளைஓவரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ போனால் மூன்றாவது வளைவிலேயே முழங்கால் சொல்லிவிடும். எண் ஒன்றுக்குக் கீழே இருக்கட்டும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமல்ல, 25-க்கும்தான்.

அடுத்தது டயர். என் கணக்கில் சைக்கிளிலேயே பெரிய பாகம் இதுதான். கொடுக்கும் காசுக்கு இவ்வளவு வித்தியாசம் காட்டும் வேறு பொருள் இல்லை.

காற்றடைத்த டயருக்கு முதல் காப்புரிமை 1845-ல் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வாங்கியது, குதிரை வண்டிக்காக. யாரும் சீந்தவில்லை, மறந்தே போனது. 1888-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் தடதடவென்று குலுங்குவதைத் தாங்காமல் ரப்பர் குழாயில் காற்றடித்துச் சக்கரத்தில் சுற்றினார். ஆம், வேகத்துக்காக அல்ல, பிள்ளையின் சௌகரியத்துக்காக! அடுத்த ஆண்டே வில்லி ஹியூம் என்ற வீரர் அந்த டயரோடு பந்தயங்களை வென்றதும்தான், குலுங்காத சக்கரம் வேகமான சக்கரமாகவும் இருக்கிறது என்று உலகம் விழித்துக்கொண்டது. தாம்சனின் பழைய உரிமை வெளியே வந்து டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது தனிக் கதை.

டன்லப் டயரில் ஒரு பெரிய குறை, ரிம்மோடு ஒட்டியிருக்கும். பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டிக் காயவைக்க மணிக்கணக்காகும். பிரான்சில் மிச்செலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைச் செய்தார்கள். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரோடு மூன்று நாட்களுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் முதலாவதாக வந்தார். நாம் இன்று கழற்றி, பஞ்சர் ஒட்டி, மாட்டும் டயரின் வழி அங்கிருந்து வருவது.

இனி ஒரு ரகசியம். உங்கள் டயரின் பக்கத்தில் ‘700சி’ என்று எழுதியிருக்கும். 700 என்பது டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். ஏ, பி, சி என்பவை பழைய பிரெஞ்சு வழக்கில் டயரின் பருமன்: ஏ மெல்லியது, சி பருத்தது. ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622. அதோடு இரண்டு பக்கமும் 39 மில்லிமீட்டர் டயரைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 700! பருத்த டயருக்காகப் பிறந்த ரிம்மில்தான் பந்தயக்காரர்கள் 23, 20 மில்லிமீட்டர் என்று டயரை மெலிய வைத்துக்கொண்டே போனார்கள். மெல்லிசு, கல்லு மாதிரி காற்று, அதுதான் வேகம் என்பது பல பத்தாண்டுகள் வேதவாக்காக இருந்தது.

அந்த நம்பிக்கை தவறு. டயர் உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுங்கலில்தான் சக்தி வீணாகிறது. ஒரே காற்றழுத்தத்தில் பருத்த டயரின் தடம் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். மெல்லிய டயரின் தடம் நீளமாக இருப்பதால் அதிகம் நசுங்கும். போதாததற்குக் கரடுமுரடான ரோட்டில் கல் போன்ற டயர் சைக்கிளையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப்போடுகிறது. அந்த ஒவ்வொரு குலுங்கலும் உங்கள் காலிலிருந்து போகும் சக்தி. டன்லப்பின் மகனுக்குத் தெரிந்த இந்த உண்மையைப் பந்தய உலகம் கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் மறுபடி கற்றது. தொழில்முறை வீரர்களே இப்போது 28, 30 என்று வந்துவிட்டார்கள். கிராவல் சைக்கிளில் 38 முதல் 45 வரை. அதாவது 700சி சைக்கிள் தன் பெயருக்குத் திரும்பிவிட்டது.

நம் தாத்தாக்களின் கறுப்பு சைக்கிள் நினைவிருக்கிறதா? ‘28 இன்ச்’ என்போமே, அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் போல. அதன் டயர் ஒன்றரை அங்குலம், 38 மில்லிமீட்டர். கிராமத்து வண்டிப்பாதையில் நெல் மூட்டையோடு போன அந்த சைக்கிள், டயர் கணக்கில் பார்த்தால், இன்றைய கிராவல் பைக்தான்.

ஆகவே கடையில் கேளுங்கள்: இந்த ஃபிரேமில் அதிகபட்சம் எவ்வளவு அகல டயர் போகும்? கியரை, சீட்டை, பெடலை நாளை மாற்றலாம். ஃபிரேமில் இல்லாத இடத்தை யாராலும் உண்டாக்க முடியாது. நம் ஏரியாவின் பள்ளங்களுக்கும், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்களுக்கும், 32-க்குக் குறைந்து எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றும் அளவோடு இருக்கட்டும். 70 கிலோ எடைக்காரருக்கு 40 மில்லிமீட்டர் டயரில் சுமார் 35 முதல் 40 பிஎஸ்ஐ போதும். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு ஒரு எச்சரிக்கை. அதுவரை அடித்தே தீர வேண்டும் என்று பொருளில்லை.

காற்று என்றதும் வால்வ் பற்றி ஒரு வார்த்தை. நாம் சிறுவயதில் வால்டியூப் மாற்றி ஓட்டிய சைக்கிளின் வால்வ் ஒரு வகை. கார், பைக் வால்வ் இன்னொன்று. ரோடு பைக்கில் ஒல்லியாக, தலையில் குட்டி நட்டோடு நிற்பது மூன்றாவது, பெயர் பிரெஸ்டா. பெட்ரோல் பங்க் குழாய் அதில் உட்காராது. பித்தளையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு அடாப்டர் விற்கிறது, விலை மிகக் குறைவு, வாங்கி சீட்டுக்கு அடியில் பையில் போட்டுவையுங்கள். பங்கில் காற்றடிக்கும்போது மட்டும் பக்கத்தில் நின்று அளவைச் சொல்லுங்கள், அந்தக் கருவிக்குக் கார் டயர்தான் பழக்கம்.

பிரேக்கில் மழைதான் நீதிபதி. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் லேசானது, எளியது, உலர்ந்த ரோட்டில் நன்றாகவே நிற்கும். மழையில் ரிம் முழுக்கத் தண்ணீரும் மண்ணும் ஒட்டியிருக்க, முதல் ஒன்றிரண்டு சுற்று வழுக்கிக்கொண்டே போகும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிஸ்க் தரையின் சேற்றிலிருந்து தள்ளி நிற்கிறது. மலைப் பைக்குகளில் எப்போதோ வந்துவிட்டாலும், ரோடு பந்தயத்தில் இதற்கும் பெரிய இழுபறி. 2016-ல் ஒரு வீரர் தன் காலைக் கிழித்தது டிஸ்க்தான் என்று சொல்ல, சோதனையே நிறுத்திவைக்கப்பட்டது. 2018-ல்தான் முழு அனுமதி வந்தது. கூட்டமாக உரசிக்கொண்டு ஓட்டும் இருநூறு வீரர்களின் கவலை அது. வடகிழக்குப் பருவமழையில் ஸ்கூல் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க வேண்டிய நமக்கு டிஸ்க்தான் சரி. ஆயில் டிஸ்க் மென்மையாகப் பிடிக்கும். கேபிள் டிஸ்க்கைத் தெருமுனை மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். இரண்டில் எதுவானாலும் பழுதில்லை.

பெடல், சீட் விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஷூவைப் பெடலோடு பூட்டும் அமைப்பு பனிச்சறுக்குக் காலணிப் பூட்டிலிருந்து வந்தது. 1985-ல் பெர்னார் இனோ அதைக் கொண்டு டூர் தெ பிரான்ஸை வென்றதும் பரவியது. சிக்னலுக்கு சிக்னல் காலை ஊன்றும் நமக்கு நல்ல பிடிப்புள்ள தட்டைப் பெடல் போதும். சீட் மெத்தென்று இருந்தால் சுகம் என்பதும் பொய். உட்காரும் இரண்டு எலும்புகளின் அகலத்துக்கு ஏற்ற அகலம் இருந்தால்தான் சுகம். கடையில் மாற்றித்தருவார்களா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

செயின் மாற்றும்போது மட்டும் ஜாக்கிரதை. 8 கியர் சைக்கிளின் செயின் சுமார் 7 மில்லிமீட்டர் அகலம், 11 கியருடையது சுமார் ஐந்தரை. பல்சக்கரங்களை நெருக்கி நெருக்கி அடுக்கியதன் விளைவு. நெருங்க நெருங்க விலை ஏறும், ஆயுள் குறையும், ஒரு கம்பெனியின் பாகம் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. அன்றாட ஓட்டத்துக்கு 8, 9, 10 கியர் வரிசைகள் இன்னும் கிடைக்கின்றன, உதிரிபாகமும் மலிவு. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கடைசியாகத் தலையும் விளக்கும். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க 1991-ல் முயன்றபோது பந்தய வீரர்களே போராடித் தடுத்தார்கள். வெயில், வியர்வை என்று நாம் சொல்லும் அதே காரணங்கள்தான். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். இரண்டே மாதத்தில் கட்டாயம் வந்தது. விளக்கைப் பொறுத்தவரை, டைனமோ இல்லாமல் போனால் போலீஸ் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்து வளர்ந்தவர்கள் நம் சீனியர் சிட்டிசன்கள். அந்த பயம் போய்விட்டது, இருட்டு போகவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் குழுவினர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கோடு போகட்டும். பின்விளக்கை சீட் பையில் மாட்டினால் அது தொங்கிப்போய் ரோட்டுக்குத்தான் வெளிச்சம் காட்டும். சீட் கம்பியில் நேராக, பின்னால் வரும் டிரைவரின் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டவும்.